சோலையில் விசில் ஊதாதே

கொள்ளிடக்கரைச் சோலையின் வாசலில் ஒரு பலகை இருக்கிறது. புகை பிடிக்காதே, மரத்தில் பெயர் செதுக்காதே, பிராணிகளுக்குத் தின்பண்டம் கொடுக்காதே என்று ஊரில் எல்லா இடத்திலும் எழுதுவதை எழுதிவிட்டு, கடைசி வரியில் ‘விசில் ஊதாதே’ என்றும் எழுதியிருக்கும். சோலையைப் பராமரிக்கும் தொண்டர் சபையில் சமீபத்தில் சேர்ந்த இளைஞர்கள் பலகைக்குப் புது வர்ணம் அடித்தபோது, இந்தக் கடைசி வரி எதற்கு, அழித்துவிடலாமா என்று கேட்டார்களாம். யாருக்கும் பதில் தெரியவில்லை. தெரிந்தவன் ஒருவன் இன்னும் உயிரோடு இருக்கிறான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். என் வீடு தேடி வந்துவிட்டார்கள்.

“ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் கொடுங்க ஐயா. சபையோட சாதனைகளை எழுதுங்க. ரெண்டு பக்கம் வந்தா போதும்” என்றார் மலர்க் குழுத் தலைவர்.

சாதனைகளை மட்டும் எழுதினால் இரண்டு பக்கம் வராது. அதனால் நடந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆறாம் வகுப்பு வாத்தியார் அடிப்பார் என்று கேள்விப்பட்டு, அவர் முகத்தைப் பார்க்காமலே நின்றுவிட்டேன். பயம் எனக்குப் பிறவிச் சொத்து. காந்தி மார்க்கெட்டில் ஒரு வெங்காய மண்டியில் மூட்டைக் காவல் பார்த்தேன். அடுக்கிய மூட்டை சரிந்துவிடுமோ என்ற பயத்தில் கண்ணை மூடாமல் உட்கார்ந்திருப்பேன். இவ்வளவு விழிப்பான காவல்காரனா என்று வியந்த மண்டிக்காரர் நகரசபையில் சொல்லி வைக்க, என்னைச் சோலைக்கு வாட்சராகப் போட்டார்கள். பயிற்சியும் கொடுத்தார்கள். சானிட்டரி இன்ஸ்பெக்டர் என்னைச் சோலை வாசல் வரை கூட்டிக்கொண்டு போய், “இதுதான் சோலை, பார்த்துக்க” என்றார். பயிற்சி முடிந்தது.

நயா பைசா வந்த புதிது அது. ரயில் பாதைக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருந்த அந்தச் சோலையை, வாரிசு இல்லாத ஒரு மிராசுதார் ஊருக்கு எழுதி வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். மருதம், நாவல், அத்தி, புங்கம் என்று ஆற்றங்கரை மரங்கள். உள்ளே உடும்பு, கீரி, வக்காக் கொக்கு, ஆந்தை. எல்லோருக்கும் மேலே குரங்குக் கூட்டம். நகரசபைக்கு இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. நாட்டில் அப்போது சிரமதானக் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது. மண்வெட்டி பிடித்தே அறியாதவர்களெல்லாம் ஞாயிற்றுக்கிழமையானால் மண்வெட்டி தேடினார்கள். ஸ்ரீரங்கத்துப் பெரிய மனிதர்கள் சிலர் கூடி ஒரு தொண்டர் சபை அமைத்து, சோலையை நாங்கள் பராமரிக்கிறோம் என்றார்கள். நகரசபை நன்றி சொல்லி, வாட்சரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டது. எனக்குச் சம்பளம் ஓரிடத்தில், திட்டு இரண்டிடத்தில்.

சபையின் கௌரவக் காரியதரிசி வரதாச்சாரி. ஆயுள் முழுவதும் ரயில்வேயில் இருந்து, ஸ்டேஷன் மாஸ்டராக ஓய்வு பெற்றவர். அவரை ‘சாமி’ என்று கூப்பிட்டால் கோபம் வரும். ‘ஸார்’ என்றுதான் சொல்ல வேண்டும். ரிட்டையர் ஆன பிறகும் வெள்ளைக் கோட்டில் ஒரு பித்தான் திறந்திருந்து நான் பார்த்ததில்லை. பஞ்சகச்சத்தின் மேல் கோட்டு, கோட்டின் மேல் பாக்கெட்டில் கடிகாரம், பக்கத்துப் பாக்கெட்டில் கயிறு கட்டிய வெண்கல விசில், கக்கத்தில் சுருட்டி வைத்த சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும். ரயில் இல்லாத இடத்துக்கு இதெல்லாம் எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயம். என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை.

சபையின் முதல் சாதனையைச் சொல்லிவிடுகிறேன். முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்து சோலையைச் சுத்தம் செய்தார்கள். புதரையெல்லாம் வெட்டினார்கள். சருகையெல்லாம் கூட்டி எரித்தார்கள். பட்டுப்போன மரம் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று சாய்த்தார்கள். நின்ற மரங்களுக்கு அடியில் சுண்ணாம்பும் காவியும் பட்டை பட்டையாக அடித்தார்கள். கோயில் மதில் மாதிரி சோலை பளிச்சென்று ஆகிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து, புதரில் இருந்த உடும்பு எங்கே, பட்ட மரப் பொந்தில் இருந்த ஆந்தை எங்கே என்று என்னைக் கேட்டார்கள். நான் திருடி விற்றுவிட்டதாகச் சந்தேகம் வந்துவிடுமோ என்று எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

உடும்பும் ஆந்தையும் போனபின் பராமரிப்பதற்கு மிச்சம் இருந்தது குரங்குகள்தான். அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பைப் பட்டம்மாள் மாமி எடுத்துக்கொண்டார். சபையின் உறுப்பினர், வயதானவர், கணவரை இழந்தவர். குரங்கை அவர் குரங்கு என்று சொல்லமாட்டார். “சிறிய திருவடி வம்சம்டா அது” என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். அனுமாரைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பெரிய தூக்கு நிறையத் தயிர்சாதம் கொண்டுவருவார். தூக்கைத் திறப்பதற்குள் திருவடி வம்சம் மொத்தமும் மாமி மேல் விழும். ஒரு வாரம் ஒரு கடுவன் குரங்கு தூக்கையே பிடுங்கிக்கொண்டு நாவல் மரத்தில் ஏறி, சாதத்தைத் தின்றுவிட்டுத் தூக்கை என் தலையில் போட்டது.

அன்றுதான் வரதாச்சாரி ஸார் முடிவெடுத்தார். “ஒழுங்கு இல்லாத எடத்துல கருணை இருக்கப்படாது மாணிக்கம். ஆக்ஸிடெண்ட் ஆயிடும்.”

அவர் வகுத்த முறையைச் சொன்னால் இப்போது யாரும் நம்பமாட்டார்கள். நான் முதலில் மணலைப் பெருக்கி, வாழையிலை நறுக்குகளை இரண்டு வரிசையாகப் போட வேண்டும். மாமி தூக்குடன் மருத மரத்துக்குப் பின்னால் மறைந்து நிற்க வேண்டும். ஸார் சிவப்புக் கொடியை உயர்த்திப் பிடிப்பார். கொடி உயர்ந்திருக்கும் வரை ஓர் உறுப்பினரும் அசையக்கூடாது. இருமினால்கூடத் திரும்பிப் பார்ப்பார். நான் சோலையைச் சுற்றி வந்து, நாய் இல்லை, ஆள் இல்லை என்று பார்த்து, “லைன் கிளியர் ஸார்” என்று சொல்ல வேண்டும். வெறுமனே “ஆச்சு ஸார்” என்று சொன்னால் செல்லாது. மறுபடி சுற்றி வரச் சொல்வார். அதன் பிறகு கடிகாரத்தைப் பார்த்து, விசிலை எடுத்து, நீளமாக ஒன்று ஊதுவார். பச்சைக் கொடி. மாமி புறப்பட்டு, முதல் இலையிலிருந்து கடைசி இலை வரை நிற்காமல் பரிமாறிக்கொண்டு போய்ச் சேர வேண்டும். நடுவில் எந்தக் குரங்கிடமும் கொஞ்சக் கூடாது.

“நடுவழியில நிறுத்தம் கிடையாது மாமி” என்பார் ஸார்.

“நான் என்ன பாசஞ்சர் வண்டியா?” என்பார் மாமி.

ஆடியில் தொடங்கினார்கள். புரட்டாசி பிறப்பதற்குள் விசில் கேட்டால் மரம் மரமாக இறங்கி வந்து இலைக்கு முன்னால் உட்காரக் கற்றுக்கொண்டன. பிடுங்கல் இல்லை, சண்டை இல்லை. ஸாருக்குப் பெருமை தாங்கவில்லை. “பாத்தியா மாணிக்கம்? பொன்மலை யார்டுல என்கிட்ட இருந்த கலாசிகூட இவ்வளவு சுருக்கக் கத்துக்கலை.” புரட்டாசி சனிக்கிழமைக்காக மாமி நேர்ந்துகொள்ள, வாரம் ஒருநாள் என்பது தினமும் என்று ஆயிற்று. வெளியூரிலிருந்து வந்தவர்களெல்லாம் ரங்கநாதரைச் சேவித்துவிட்டு, நேரம் இருந்தால் எங்கள் பந்தியையும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நான் எல்லாவற்றுக்கும் பயந்தவன். குரங்கு கடித்தால் தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்களே என்று பயந்தேன். தயிர் புளித்து, தின்ற குரங்கு செத்தால் பழி என் மேல் வருமே என்று பயந்தேன். கொடிக் கம்பு கண்ணைக் குத்துமோ என்றுகூடப் பயந்தேன். விசிலுக்கு மட்டும் பயப்படத் தோன்றவில்லை.

ஐப்பசியில் ஒருநாள் காலை, பந்திக்கு நேரம் இருக்கும்போதே கூட்டத்தில் பாதி காணாமல் போயிற்று. சோலை முழுக்கத் தேடினேன். வேலியைத் தாண்டித் தண்டவாளத்தை ஒட்டியே போனால் ஸ்டேஷன் வந்தது. அங்கே ஒரே கூச்சல். லால்குடிக்குப் போகிற கல்யாண கோஷ்டி ஒன்று பாசஞ்சர் வண்டியில் ஏறியிருக்கிறது. வண்டி புறப்படக் கார்டு விசில் ஊதியிருக்கிறார். உடனே எங்கிருந்தோ குரங்குகள் ஓடிவந்து, பிளாட்பாரத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. கொஞ்ச நேரம் மரியாதையாகக் காத்திருக்கின்றன. யாரும் பரிமாறவில்லை. பிறகு தாங்களே ஜன்னல் வழியாக ஏறிச் சீர்க்கூடையைத் திறந்துகொண்டுவிட்டன.

நான் போனபோது மாப்பிள்ளையின் அத்தை ஜன்னலில் இருந்து கத்திக்கொண்டிருந்தார். “குரங்கு தின்ன மிச்சத்தையா எங்களுக்குச் சீர் வைக்கிறீங்க?”

“உங்க ஊர்ல குரங்கு கிடையாதா? நாங்களா கூட்டிட்டு வந்தோம்?” என்று பெண்வீட்டார் எகிற, அந்தக் கல்யாணம் என்ன ஆயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு கடுவன் விளக்குக் கம்பத்தின் மேல் உட்கார்ந்து அதிரசம் தின்றது. அது என்னை அடையாளம் கண்டுகொள்ளாமல் இருக்க வேண்டுமே என்று நான் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டேன்.

மறுநாள் ஸ்டேஷன் மாஸ்டர் ராகவன் சைக்கிளில் சோலைக்கு வந்தார். வரதாச்சாரி ஸாரிடம் உதவி ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து வேலை கற்றவர்.

“ஸார், நமஸ்காரம்.”

“வா ராகவா. முதல்ல கோட்டுப் பித்தானைப் போடு.”

ராகவன் பித்தானைப் போட்டுக்கொண்டார். “ஸார், சித்த ஊதிக் காட்டுங்கோ” என்றார். ஸார் ஊதினார். குரங்குகள் இறங்கி வரிசையில் உட்கார்ந்தன. ஸார் பெருமையாகத் திரும்பிப் பார்த்தார். ராகவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“நெனச்சேன் ஸார். எங்க கார்டு ஊதறதும் இதே சத்தம். இத்தனை வருஷம் அதுகள் காதுல அது விழுந்துண்டுதான் இருந்தது, ஒண்ணும் பண்ணலை. இப்ப என்னடான்னா, ஊதினா எலை போட்டாச்சுன்னு நெனச்சுண்டு அங்க வந்துடறதுகள்.”

ஸார் விசிலைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். பிறகு விறைப்பாகச் சொன்னார்: “இது ரயில்வே சொத்து இல்லை. என் சொந்தக் காசு போட்டு வாங்கினது.”

“குரங்குக்கு அது தெரியுமோ ஸார்?”

அடுத்த வாரம் ஸ்டேஷனில் ஒரு குழந்தையின் கையைக் குரங்கு பிறாண்டிவிட்டது. விஷயம் நகரசபைக்குப் போயிற்று. மார்கழி வந்தால் வைகுண்ட ஏகாதசி. ஊர் கொள்ளாத கூட்டம் அந்த ஸ்டேஷனில்தான் வந்து இறங்கும். சானிட்டரி இன்ஸ்பெக்டர் சோலைக்கு வந்து சபையாரைக் கூட்டிச் சொன்னார்: கார்த்திகை முடிவதற்குள் குரங்குகள் ஸ்டேஷன் பக்கம் வராமல் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் மெட்ராஸிலிருந்து கூண்டுக்காரன் வருவான். சோலையில் இருப்பது, ஸ்டேஷனில் இருப்பது என்று பார்க்கமாட்டான். கூட்டத்தையே வாரிக்கொண்டு போய்விடுவான்.

“எங்கே கொண்டுபோவான்?” என்று மாமி கேட்டார்.

“கப்பல்ல வெளிநாட்டுக்குப் போகுதும்மா. ஏதோ ஊசி மருந்து பண்றாங்களாம். குரங்குக்குப் போட்டுப் பார்ப்பாங்களாம்.”

மாமி காதைப் பொத்திக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் போகும்போது என்னைத் தனியே கூப்பிட்டார். “கூண்டுக்காரன் வந்தா நீதான்யா கூட நின்னு உதவணும். உன்னை நிரந்தரமாக்குற பேப்பர் என் மேஜை மேலதான் இருக்கு. ஞாபகம் வச்சுக்க.”

வீட்டில் சொன்னேன். என் மனைவி தனம் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள். “ஏங்க, குரங்கு போனா உங்க வேலை போகுமா, இருந்தா போகுமா?”

“ரெண்டுக்கும் போகும்போலத் தெரியுது.”

“அப்ப நிம்மதியா சாப்பிடுங்க. எப்படியும் போறதுதானே.”

சபை அவசரக் கூட்டம் போட்டது. டெல்லிக்கு மனு அனுப்பலாம் என்றார் ஒரு வக்கீல். கூட்டம் நடப்பதைப் பத்திரிகையில் போடலாம் என்றார் ஒருவர். ஸ்டேஷனைக் கொஞ்சம் தள்ளிக் கட்டச் சொல்லலாமே என்று ஒருவர் நிஜமாகவே சொன்னார். அதையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். கடைசியில் ஞானம் டீச்சர் எழுந்தார். கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவர். அதனால் குரங்கு விஷயத்தில் சபையில் கொஞ்சம் மரியாதை உண்டு.

“ஊதுங்க ஸார். தினமும் ஊதுங்க. ஊதிட்டு ஒண்ணும் குடுக்காதீங்க. பெல் அடிச்சும் சாப்பாடு வரலைன்னா எந்தப் பிள்ளை தட்டைத் தூக்கிட்டு வரும்?”

“ஜீவனை ஏமாத்தறதா?” என்றார் மாமி. “கூப்பிட்டு வெச்சு எலைல ஒண்ணும் போடாம அனுப்பறதா? பெருமாள் கேக்கமாட்டாரா?”

“கூண்டுல போட்டா மட்டும் கேக்கமாட்டாரா மாமி?” என்றார் டீச்சர்.

மாமி அழுதார். கடைசியில் சம்மதித்தார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. அதுகளுக்கு இல்லாத தயிர்சாதம் இனிமேல் தனக்கும் வேண்டாம் என்றார். ஸ்ரீரங்கத்தில் தயிர்சாதத்தை விட்டவர் என்று மாமியைத் தவிர இன்னொருவரை நான் கேள்விப்பட்டதில்லை.

கார்த்திகை மாதம் முழுவதும் வரதாச்சாரி ஸார் தினமும் காலையில் வந்தார். மழையானால் குடையோடு வந்தார். அதே இடம், அதே கோட்டு. நான் இலை போடுவதில்லை. ஆனால் “லைன் கிளியர் ஸார்” மட்டும் சொல்ல வேண்டும்; அதை விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை. நீளமாக ஒன்று ஊதுவார். குரங்குகள் இறங்கி வரும். வரிசையாக உட்காரும். அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டிக்கொண்டு நிற்பார். அவர் முகத்தைப் பார்க்கும், கையைப் பார்க்கும், மறுபடி முகத்தைப் பார்க்கும். வெள்ளை முடி நெற்றியில் விழுந்த ஒரு கிழட்டுப் பெண்குரங்கு முதல் நாள் எழுந்து வந்து அவர் உள்ளங்கையைப் பிரித்து, விரல் இடுக்கில் ஏதாவது இருக்கிறதா என்று தேடிவிட்டுப் போயிற்று. ஸார் அசையவில்லை. உதடு மட்டும் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தது.

இரண்டாவது வாரத்தில் அவற்றுக்குக் கோபம் வந்தது. ஒன்று மூக்குக் கண்ணாடியைப் பறித்துக்கொண்டு போயிற்று. ஒன்று குடையைக் கிழித்தது. ஒன்று பஞ்சகச்சத்தின் பின்கச்சத்தைப் பிடித்து இழுத்தது. முப்பது வருஷம் ஊரையே வரிசையில் நிற்க வைத்தவர், கச்சத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் விசில் ஊதினார். நான் வேலிக்கு வெளியே நின்று, ஸாருக்கு ஒன்று ஆனால் இந்தக் கோலத்தில் அவரை எப்படி வீட்டுக்குக் கொண்டுபோவது என்று கவலைப்பட்டேன். மூன்றாவது வாரத்தில் வருவது குறைந்தது. அப்புறம் ஊதினால் கிளையில் இருந்தபடியே திரும்பிப் பார்த்துவிட்டுப் பேன் பார்க்கப் போய்விட்டன. அத்திப் பழம் தின்னப் பழகின. எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆனால் ஸ்டேஷனுக்குப் போய்விட்ட பாதி அங்கேயே தங்கிவிட்டது. தண்ணீர்த் தொட்டியின் மேல் குடியிருந்தது. அங்கே கார்டு ஊதினால் வெறுங்கை கிடையாதே. ஊதிய உடனே ஜன்னல் ஜன்னலாகப் பழம், வடை, பொட்டலத்தில் மிச்சம்.

ஸார் ராகவனிடம் போய்ப் பேசினார். நானும் கூடப் போனேன்.

“கொஞ்ச நாளைக்கு விசில் இல்லாமக் கொடியை மட்டும் காட்டி வண்டியை எடுக்கலாமோல்லியோ ராகவா?”

ராகவன் அவரை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. “விசில் ஊதாம வண்டி எடுத்தா என்ன ஆகும்னு எனக்குப் பாடம் எடுத்ததே நீங்கதானே ஸார்? ஒரு கார்டுக்கு மெமோகூடக் குடுத்தேள்.”

ஸார், “ஆமாம். நீ செய்யறது சரி” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். பாதி வழியில், “அந்தக் கார்டு பேருகூட எனக்கு ஞாபகம் இல்லை” என்றார்.

அப்புறம் சபையார் முறை வைத்துக்கொண்டு பிளாட்பாரம் டிக்கெட் வாங்கி, ஜன்னல் ஜன்னலாகப் போய், தயவுசெய்து குரங்குக்கு எதுவும் கொடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். “உங்க வீட்டுக் குரங்குங்களா?” என்று கேட்டார்கள் பயணிகள். “புண்ணியத்தைத் தடுக்கிறீங்களே, வெளங்குவீங்களா?” என்றார் ஒரு பாட்டி. ஒருவர் வக்கீலுக்கே ஒரு வடையை நீட்டினார். தொட்டி மேல் இருந்த குரங்குக் கூட்டம் குறைந்தது, அடியோடு போகவில்லை.

கார்த்திகை முடிந்தது. கூண்டுக்காரன் வந்தான். பெயர் சுப்பையா. நல்ல மனிதன்தான். எனக்கு பீடி நீட்டினான், குடும்பம் சௌக்கியமா என்று கேட்டான். பெரிய கூட்டம் சோலையில் இருக்கிறது என்பதால் முதலில் அங்கே வந்தான். கம்பிக் கூண்டுகளை இறக்கி, கதவைத் தூக்கிக் கட்டி, உள்ளே வேர்க்கடலையை இறைத்துவிட்டு, மடியிலிருந்து ஒரு விசிலை எடுத்தான். பெரிய கடைவீதியில் வாங்கினானாம்.

“இதை ஊதினா மொத்தமும் இறங்கி வருமாமே அண்ணே? ஊரே சொல்லுது. இப்படி ஒரு வசதி எந்த ஊர்லயும் கிடையாது.”

வேலிக்கு வெளியே சபையார் நின்றுகொண்டிருந்தார்கள். மாமி கண்ணை மூடிக்கொண்டு நாமம் சொல்லிக்கொண்டிருந்தார். வரதாச்சாரி ஸார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ரயில் வரும் திசையைப் பார்ப்பவர் மாதிரி நின்றார். சுப்பையா ஊதினான். நல்ல மூச்சு அவனுக்கு.

ஒன்றும் இறங்கவில்லை. மறுபடி ஊதினான். ஒரு குட்டி மட்டும் நாவல் மரத்தில் பாதி தூரம் சறுக்கிக்கொண்டு வந்தது. அதன் தாய் எட்டி வாலைப் பிடித்து மேலே இழுத்து, முதுகில் ஓர் அறை வைத்தது. சுப்பையா முகம் சிவக்க ஊதினான். அத்தனையும் கிளையில் உட்கார்ந்து, சம்பளம் கேட்க வந்தவனை முதலாளி பார்ப்பது மாதிரி அவனைப் பார்த்தன.

“என்னண்ணே இது, ஊதினா வரும்னாங்க?”

“விசில் மட்டமா இருக்கும்” என்றேன். என் வாழ்க்கையில் ஓர் அதிகாரியின் ஆளிடம் பயமில்லாமல் பேசியது அந்த ஒரு முறைதான்.

வேலிக்கு வெளியே கைதட்டினார்கள். மாமி, டீச்சரைக் கட்டிக்கொண்டார். சுப்பையா கடலையைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, “சரி, ஸ்டேஷனுக்குப் போவோம்” என்றான்.

அங்கே அவனுக்கு விசிலே தேவைப்படவில்லை. கூண்டுகளைப் பிளாட்பாரத்தில் வரிசையாக வைத்தான். வண்டி வந்தது. புறப்படக் கார்டு ஊதினார். தண்ணீர்த் தொட்டியிலிருந்து இறங்கி வந்து, கூண்டுக்குள் வரிசையாகப் போய் உட்கார்ந்தன. எங்களிடம் கற்றுக்கொண்ட ஒழுங்கு. பிடுங்கல் இல்லை, சண்டை இல்லை. கதவைத் தட்டிவிட்டான். நெற்றியில் வெள்ளை முடி விழுந்த அந்தக் கிழட்டுப் பெண்குரங்கும் உள்ளே இருந்தது. எப்போது ஸ்டேஷனுக்குப் போயிற்றோ தெரியாது.

அன்று பிற்பகல் சபை கூடியது. சோலையின் வானரங்கள் காப்பாற்றப்பட்டதற்குக் காரியதரிசிக்கும் டீச்சருக்கும் பாராட்டுத் தீர்மானம் போட்டார்கள். ஸ்டேஷனில் பிடிபட்டவற்றைப் பற்றி டீச்சர் கேட்டபோது வக்கீல் விளக்கம் சொன்னார்: அவை தாமாகச் சோலையை விட்டு வெளியேறியவை; சட்டப்படி ரயில்வே எல்லைக்கு உட்பட்டவை; சபை அதில் தலையிடுவதற்கில்லை. இனிமேல் சோலைக்குள் யாரும் பிராணிகளுக்கு உணவு கொடுக்கக் கூடாது, விசில் ஊதக் கூடாது என்று மாமி கொண்டுவந்த தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பிறகு காபி கொடுத்தார்கள். வரதாச்சாரி ஸார் காபி வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார்.

நான் கூண்டுகளை ஏற்ற உதவ வேண்டும் என்று உத்தரவு. சாயங்கால வண்டியின் கடைசியில் கார்டு பெட்டியை ஒட்டிய சாமான் பெட்டியில் அடுக்கினோம். காற்று வர வேண்டும் என்று கதவைத் திறந்தே வைத்திருந்தான் சுப்பையா. ஸார் எப்போது வந்தார் என்று கவனிக்கவில்லை. பிளாட்பாரத் தூணின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பிளாட்பாரம் டிக்கெட் வாங்கியிருக்கமாட்டார் என்று தோன்றியது. அவ்வளவு பெரிய மனிதர் பிடிபட்டால் என்ன ஆவது என்று எனக்கு அந்த நேரத்திலும் கவலை.

கார்டு விசில் ஊதினார்.

கூண்டுக் கம்பிகளுக்கு இடையிலிருந்து கைகள் நீண்டன. எல்லாக் கூண்டிலிருந்தும். உள்ளங்கை மேலே பார்க்க, அமைதியாக, வரிசையாக. பக்கத்துப் பெட்டியில் யாரோ சிரித்தார்கள்.

ஸார் ஒரு கணம் தன் கையைப் பார்த்தார். பிறகு பழக்காரனின் கூடையிலிருந்து ஒரு பூவன் சீப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார். வண்டி நகர ஆரம்பித்துவிட்டது. ஓடுகிற வண்டியின் பக்கத்தில் ஓடியவனுக்கெல்லாம் அபராதம் போட்டவர், கோட்டுப் பித்தான்கள் திறந்து பறக்க, பழத்தைப் பிய்த்துப் பிய்த்து நீண்ட கைகளில் வைத்துக்கொண்டே ஓடினார்.

“ஸார்! வண்டி நகர்றது! தள்ளி நில்லுங்கோ!” என்று ராகவன் கத்தினார். ஆனால் கொடியை மாற்றவும் இல்லை, போய்ப் பிடிக்கவும் இல்லை.

பிளாட்பாரத்தின் கோடியில் ஸார் மூச்சு வாங்க நின்றிருந்தார். நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். “ஏன் ஸார் இப்படி? ஒரு மாசம் வெறுங்கையோட நின்னீங்களே. பாடம் வீணாப் போயிடாதா?” என்றேன்.

“அது இருக்கப்போறதுகளுக்கு. போறதுகளுக்கு இனிமே என்ன பாடம்?” என்றார். “ஊதினாக் கெடைக்கும்னு சொல்லிக் குடுத்தவன் நான்.”

அவர் கையில் இன்னும் ஒரு பழம் நசுங்கி இருந்தது.

“கடைசிக் கூண்டு எட்டலை, மாணிக்கம்” என்றார்.